உடல் தந்தவர் பெயர் எங்கே?

'நியூட்' என்றொரு மராத்திப் படம். ரவி ஜாதவ் இயக்கி, 2018 ஏப்ரல் திங்களில் வெளிவந்தது. அதன் முடிவில் ஓர் இளைஞன் ஓவியக் காட்சிக் கூடத்துக்குள் வருகிறான். சுவரிலே ஆடையற்ற ஒரு பெண்ணின் ஓவியம். அந்தப் பெண் அவனைப் பெற்ற தாய்! ஓவிய மாணவர்கள் முன் அசையாது இருந்து பெற்ற கூலியைக் கொண்டுதான் அவள் அவனுக்குச் சோறிட்டாள், ஏடு வாங்கித் தந்தாள், பள்ளிக்கு அனுப்பினாள். மகன் அந்த ஓவியத்தின்மீது காறி உமிழ்கிறான்.

அந்த எச்சில் அவன் ஒருவனுடையதா? மனு எழுதியவன் வாயில் ஊறி, காலட்சேபம் செய்தவன் வாயில் நுரைத்து, ஊர்ப் பெரிய மனிதர் வாய் வழியாக ஒழுகி, இறுதியில் ஓர் ஏழைத் தாயின் மகன் வாய்க்கு வந்து சேர்ந்த எச்சில் அது. படம் அந்த எச்சிலைக் காட்டியது. அது எங்கே ஊறியது என்பதைக் காட்டவில்லை. அந்தக் குறையையும், படத்தின் நிறையையும், அது தொட்ட பொருளையும் நம் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கதை சிறியது. யமுனா என்னும் சிற்றூர்ப் பெண், கணவன் கொடுமை தாளாது, மகனை அழைத்துக்கொண்டு மும்பைக்கு ஓடி வருகிறாள். அடைக்கலம் தந்த சந்திராக்கா, ஜே. ஜே. ஓவியக் கல்லூரியிலே பெருக்கும் வேலை பார்ப்பதாக ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவள் அங்கே மாணவர்கள் பார்த்து வரைவதற்காக ஆடை களைந்து நிற்பவள். 'மாடல்' என்று கல்லூரியில் சொல்வார்கள். யமுனா அறிந்ததும் அருவருக்கிறாள். பிறகு பசி எதுவென்று அறிந்தவளாக, தானும் அவ்வேலையை ஏற்கிறாள். கல்யாணி முளே யமுனாவாகவும், சாயா கதம் சந்திராக்காவாகவும் நடித்திருக்கிறார்கள். நடித்தார்கள் என்பதுகூடக் குறைவு. சாயா கதம் திரையில் நிற்கும் நிலை, தலையில் சுமை தூக்கிப் பழகிய கழுத்தின் நிலை. நம் ஏலமலைப் பாதையில் நாள்தோறும் காணும் கழுத்து.

இப்படத்தை ஆட்சியாளர் நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் கோவாவில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்கு நடுவர் குழு இதைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒன்றிய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் 'நியூட்' படத்தையும், மலையாளத்தின் 'எஸ். துர்கா'வையும் பட்டியலிலிருந்து நீக்கிற்று. நடுவர் குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார். நடுவர்கள் நாட்கணக்கில் பார்த்துத் தேர்ந்ததை, ஓர் ஆணைத்தாள் ஒரு நொடியில் துடைத்தெறிந்தது. விழா மேடையில் குத்துவிளக்கு மட்டும் குறைவின்றி எரிந்திருக்கும், ஐயமில்லை!

தடுக்கப்பட்ட படமென்பதால் அதைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. நமக்கு அதன்மீது ஒரு வழக்கு உண்டு. படத்தில் மாலிக் என்றொரு பெரிய ஓவியர் வருகிறார். நசீருதீன் ஷா நடித்திருக்கிறார். தன் வேலையைப் பற்றித் தயங்கி நிற்கும் யமுனாவுக்கு அவர் ஆறுதல் சொல்கிறார். ஆடை உடலுக்கே உரியது, ஆன்மாவுக்கு ஆடையில்லை, தாம் தேடுவது ஆன்மாவை என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கில் கைதட்டு விழுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். நமக்கோ அங்கேதான் படம் சறுக்கியது. உடல் உழைத்து ஈட்டிய கூலிக்கு ஆன்மா எதற்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும்? மூட்டை தூக்குகிறவனிடம், "நீ தூக்குவது மூட்டையன்று, பரம்பொருள்" என்று எவரேனும் சொன்னால் அவன் சிரிப்பான், கூலியைக் கேட்பான். ஆடையின்றி நிற்பவளுக்கு மட்டும் அந்தத் தத்துவப் போர்வை தேவைப்படுகிறது. உடல் என்பது இழிவு. அதன் உள்ளே புனிதமான ஒன்று குடியிருந்தால்தான் அதற்கு மன்னிப்பு! இது எவருடைய வேதாந்தம் என்று நம் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உமிழ்ந்த மகனும், ஆறுதல் சொன்ன ஓவியரும் ஒரே பள்ளியில் பாடம் கேட்டவர்கள். ஒருவன் பாடத்தைக் கசப்பாய் ஒப்புவித்தான், மற்றவர் இனிப்பாய் ஒப்புவித்தார்.

போடிநாயக்கனூரில் நம் படிப்பகத்துத் தோழர்கள் ஒரு ஞாயிறு மாலை இப்படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் வாதம் எழுந்தது. மேடையில் பெண்ணுரிமை பேசினால் அரங்கம் அதிரப் பேசக்கூடிய ஓர் இளந்தோழர், "எல்லாம் சரி; ஆனால் நம் வீட்டுப் பெண் போய் நிற்க ஒப்புவோமா?" என்றார். பலர் தலையசைத்தனர். கூட்டத்தின் பின்வரிசையில், ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரிக்கும் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர், மகனை அழைத்துப் போக வந்து, கடைசிப் பாதிப் படத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் கேட்டது இரண்டே கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தம்பி குடுப்பாக? நடுவுல உக்கார விடுவாகளா?"

நம் தோழர் கேட்டது மானத்தைப் பற்றி. அம்மையார் கேட்டது வேலையைப் பற்றி. அவர் கேள்வியிலிருந்தே பொருளைத் தொடங்குவது முறை.

ஆளை நிறுத்தி வரையும் வகுப்பில் என்ன நடக்கிறது? அறை நடுவில் ஒரு மேடை. நிற்பவரைச் சுற்றி மாணவர்கள் ஓவியத் தாங்கிகளோடு வளைந்து அமர்வார்கள். முதலில் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒரு நிலை. கை வேகமாகக் கோடிழுக்கப் பழகுவதற்கு. பிறகு நீண்ட நிலை. இருபது நிமிடம், அரைமணி என்று. இடையே ஓய்வு. ஓய்வு முடிந்து திரும்பினால் விட்ட இடத்தில் விட்டபடியே நிற்க வேண்டும்; அதற்காகக் காலடியைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிடுவார்கள். முழங்கை ஒரு விரற்கடை இறங்கினால் நிழல் மாறும். நிழல் மாறினால் இருபது பேர் ஏடும் கெடும். அசையாதிருப்பது எளிதென்று எண்ணுகிறவர் ஒரு கையை மட்டும் தோளுயரத்துக்குத் தூக்கிப் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கட்டும். ஐந்தாம் நிமிடத்தில் தோள் கனக்கும். ஏழாம் நிமிடத்தில் விரல் மரத்துப் போகும். எடையைத் தாங்கும் காலில் எறும்பு ஊர்வது போலிருக்கும். மூச்சை ஒழுங்காக்கி, எடையை எந்த எலும்பின்மேல் சாய்ப்பது என்று கண்டறிந்து, வலியை முகத்தில் காட்டாது நிற்பது பழகித் தேறும் தொழில். மாணவன் தசையும் எலும்பும் கற்பது அங்கே. ஆசிரியர் பேசிக் கற்பிக்கிறார். நிற்பவர் பேசாமல் கற்பிக்கிறார். ஒருவருக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், மாலை மரியாதை. மற்றவருக்கு நாட்கூலி.

ஏலமலைச் சரிவைப் பார்த்தவர்க்கு இது புதுமையன்று. விடியுமுன் ஜீப்புகள் போடியிலிருந்து மேட்டுப் பாதையில் ஏறும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் காய்ப்பது அடித்தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில். ஆகவே காயெடுக்கும் பெண் செடிக்குச் செடி குந்தி, குனிந்து, முதிர்ந்த காயை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. நாள் முழுதும் முதுகு வளைந்த அந்த நிலையை எந்த ஓவியக் கல்லூரி மேடையும் கேட்டதில்லை. உடலை ஒரு நிலையில் நிறுத்திக் கூலி பெறுவதுதான் இழிவென்றால், இந்த மலைச் சரிவில் இழிவுபடாத பெண் யார்? ஆடை என்பார்கள். ஆடை ஒன்றுதான் வேறுபாடு. அந்த ஆடையைப் பற்றிப் பேசுவோம்.

மானம் மானம் என்று இன்று முழங்குகிறவர்களின் முன்னோர், தென்திருவிதாங்கூரில் உழைக்கும் சாதிப் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்று தடுத்தவர்கள். மூடியவர்களின் சீலையைத் தெருவில் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டு நடந்து, 1859இல்தான் மன்னர் ஆணை வந்தது. அன்று மூடுவது குற்றம். இன்று திறப்பது குற்றம். இரண்டிலும் மாறாதது ஒன்று உண்டு: முடிவு செய்யும் உரிமை அந்த உடலுக்கு உடையவளிடம் இல்லை என்பது. கோபுரத்தில் சுதையும், தூணில் கல்லும் எப்படி இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏனெனில் கல் கூலி கேட்பதில்லை.

அகலிகைக் கதையை எண்ணிப் பாருங்கள். மாறுவேடமிட்டு வந்து வஞ்சித்தவன் இந்திரன். அவன் பெற்ற சாபம் உடலெல்லாம் ஆயிரம் கண்ணாகி, அதுவே சிறப்புப் பெயருமாயிற்று. வஞ்சிக்கப்பட்டவள் கல்லாக்கப்பட்டாள். பார்க்கிறவனுக்கு ஆயிரம் கண், பார்க்கப்படுகிறவளுக்கு அசைவே இல்லை! திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தில் இக்கதை தீட்டப்பட்டிருந்ததையும், மக்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டியதையும் பரிபாடல் சொல்கிறது. மதுரைப் பக்கத்தார் அன்றே ஓவியம் பார்க்கத் தெரிந்தவர்கள்தாம். அந்த அகலிகையை வரைந்தவனுக்கு எதிரே நின்றவள் யாரென்று மட்டும் எந்தப் பாடலும் சொல்லவில்லை.

மேல்நாட்டைக் காட்டி இதை அயலார் பழக்கம் என்று தள்ளுவார் உண்டு. மேல்நாடும் இதில் யோக்கியமாக நடந்துகொண்டதில்லை. இலண்டனில் 1768இல் அரசுக் கலைக்கழகம் தொடங்கிய உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் சோஃபனி என்பவர் உறுப்பினர்களை ஒரே படத்தில் வரைந்தார். ஆடையற்ற ஆண் மாதிரியைச் சுற்றி ஆண் ஓவியர்கள் நிற்கிறார்கள். பெண்கள் இருவரும் அந்த அறையில் இல்லை. சுவரில் மாட்டிய இரண்டு படங்களாகத் தொங்குகிறார்கள்! அக்கழகப் பள்ளியில் மாணவியர் ஆளை வைத்து வரைய அனுமதி பெற்றது 1893இல். அதுவும் நிற்பவர் அரைகுறையாக மூடிய நிலையில். அமெரிக்காவில் தாமஸ் ஈக்கின்ஸ், மாணவியர் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை நீக்கினார் என்பதற்காக 1886இல் வேலையிழந்தார். பெண் உடலை ஆண் பார்த்து வரையலாம். ஆண் உடலைப் பெண் பார்த்து வரையலாகாது. அங்கேயும் ஒரு மனு இருந்திருக்கிறான். தொப்பி மட்டும் வேறு.

நம் நாட்டுக்கு இந்த வகுப்பு வெள்ளையர் கலைப்பள்ளி வழியே வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளி மூத்தது. அதுவே இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. பம்பாயில் நெடுங்காலம் பிளாஸ்டர் பொம்மைகளைப் பார்த்து வரைந்தார்கள். கிளாட்ஸ்டன் சாலமன் வந்த பிறகு, 1919ஐ ஒட்டி, ஆளை நிறுத்தி வரையும் வகுப்பு தொடங்கிற்று.

அதே வெள்ளையர் ஆட்சியில் இன்னொரு வகை நிறுத்தலும் நடந்தது. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளவுகோலும் கருவியும் கொண்டு மூக்கின் அகலமும் மண்டையின் நீளமும் அளந்தார், படமெடுத்தார். நம் மலைகளின் முதுவரும் பளியரும் அத்தொகுதிகளில் இருக்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னது யார், அவர்கள் ஒப்பினார்களா என்று எவரும் கேட்டதில்லை. அதற்குப் பெயர் ஆராய்ச்சி. இன்றைக்கு மூணாறு செல்லும் சுற்றுலாக்காரர் வண்டியை நிறுத்தி, தேயிலை கிள்ளும் பெண்ணை, "கூடையைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிங்க" என்று சொல்லிப் படமெடுத்துப் போகிறார். அதற்குப் பெயர் இயற்கை இரசனை. கூலியும் இல்லை, பெயரும் இல்லை. கூலி பேசி, ஒப்பி, நேரம் குறித்து, வேண்டாமென்றால் இறங்கிப் போகும் உரிமையோடு ஒருத்தி கல்லூரி மேடையில் நின்றால் மட்டும் அதற்குப் பெயர் மானக்கேடு!

இனி நம் தோழரின் கேள்விக்கு வருவோம். அவர் சனாதனியல்லர். அவர் கேள்விக்குப் பின்னே நம் இயக்கத்தின் வரலாறே நிற்கிறது. பெண்ணைக் கடவுளின் பெயரால் பொட்டுக்கட்டிப் பெரிய மனிதர்க்கு விருந்தாக்கிய கொடுமையை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்றார். அவர் தாசிகளின் வாழ்வை வைத்து எழுதிய நாவல் 1936இல் வந்தது. முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் சென்னை மாநிலம் பொட்டுக்கட்டுதலைச் சட்டத்தால் ஒழித்தது. பெண் உடல் காட்சிப் பொருளாவதைக் கண்டால் நமக்குக் கை நடுங்குவது அந்த வரலாற்றால். அந்த நடுக்கம் இழிந்ததன்று. ஆனால் அவர்கள் ஒழித்தது எதை? பிறப்பால் ஒருத்திக்கு விதிக்கப்பட்ட, மறுக்க முடியாத, தலைமுறைக்கும் தொடரும் கட்டை. அந்தக் கட்டு இங்கே எங்கே? மறுக்க முடியாதபடி வறுமை கட்டியிருக்கிறது என்றால், அந்த வாதம் காயெடுக்கும் பெண்ணுக்கும், செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். வறுமையை ஒழிக்கக் கிளம்ப வேண்டுமே தவிர, வேலையை இழிவென்று சொல்லிக் கூலியையும் பறிப்பது என்ன நீதி?

இன்னொன்றும் சொல்வார்கள். அறிஞர் அண்ணா 'கம்பரசம்' எழுதி ஆபாசத்தைக் கண்டித்தாரே, அதே வாயால் இதை ஆதரிப்பதா என்று. நன்று. அண்ணா காட்டியது, பக்தி நூல் என்று பாராயணம் செய்யப்பட்ட ஒன்றுக்குள் எதையெல்லாம் திணித்திருந்தார்கள் என்பதை. புனிதம் என்ற முலாமைச் சுரண்டியதே அந்நூலின் வேலை. உடலைக் கண்டு வெட்கப்படு என்று கற்பிக்க அது எழுதப்படவில்லை. இதை மறந்து, நம்மில் சிலர் 'ஆபாசம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எதிரிகள் வீசும் திசையிலேயே வீசுகிறார்கள். நீதிமன்றங்கள்கூட இவர்களை முந்திவிட்டன. உசேன் வரைந்த ஓவியத்தின்மீது தொடுத்த வழக்குகளில் டெல்லி உயர்நீதிமன்றம் 2008இல், ஆடையின்மை என்பதனாலேயே ஆபாசமாகிவிடாது என்றது. நம் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தில், தன் மேலுடலில் தன் குழந்தைகளை ஓவியம் தீட்டச் செய்த ஒரு தாயின்மீது குழந்தைப் பாதுகாப்புச் சட்டமே பாய்ந்தது. 2023 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'நியூட்' படத்தின் மகன் அந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் எச்சிலை விழுங்கியிருக்கக்கூடும்.

மனத்தில் உள்ள இன்னும் ஒன்றையும் எழுதிவிடுகிறோம், சிலர்க்குக் கசக்கும். கண்ணகியை நாம் போற்றுகிறோம். நம் தேனி மாவட்ட எல்லையில், மங்கலதேவி மலையில், சித்திரை முழுநிலவன்று அவளைக் காண மக்கள் ஏறுகிறார்கள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவளுக்குச் சிலை வைத்தோம். 2001இல் அகற்றப்பட்டபோது கொதித்தோம். 2006இல் மீண்டும் வைத்தோம். நீதி கேட்டவள் என்பதால் வைத்தோம். அந்தக் கண்ணகி என்ன செய்தாள்? மதுரைத் தெருவில், தன் மார்பகத்தைத் தன் கையால் திருகி எறிந்தாள். அதை ஆபாசம் என்றவர் எவருமில்லை. ஆடை அங்கே அளவுகோலாகவில்லை; அவள் சினம் அளவுகோலாயிற்று. ஆனால் நாம் அவளை மேடையில் எப்படிப் பேசினோம்? நீதி கேட்டாள் என்பதை ஒரு வரியிலும், கற்பு என்பதைப் பத்து வரியிலும் பேசினோம். கற்பு என்ற சொல் பெண்ணைக் கட்டிய கயிறு என்று எழுதிய பெரியாரின் பிள்ளைகள் நாம்! "நம் வீட்டுப் பெண்" என்ற சொல் நம் தோழர் வாயில் எளிதாக வந்ததற்கு அந்தப் பத்து வரியும் ஒரு காரணம். வீட்டுப் பெண் என்பதில் வீடு யாருடையது, பெண் யாருடையவள்?

அதே கடற்கரையில், சற்று வடக்கே, உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர் அவர். 1929 முதல் ஏறத்தாழ முப்பதாண்டு அங்கே பணியாற்றியவர். சிலை 1959 சனவரி 25இல் நிறுவப்பட்டது. சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இதே கடற்கரையில். நான்கு ஆண்கள், இடையில் துண்டுத் துணியோடு, பாறையொன்றைக் கழிகொண்டு நெம்புகிறார்கள். கணுக்காலில் நரம்பு புடைத்திருக்கிறது, விலா விரிந்திருக்கிறது, ஒருவன் முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. கடவுள் சிலையும் அரசர் சிலையும் பார்த்துப் பழகிய நாட்டில், பெயரில்லாத உழைப்பாளியின் முதுகை வெண்கலத்தில் உயர்த்திய கலை. நாம் இதற்குத் தலைவணங்குகிறோம்.

அந்த முதுகு கற்பனையில் வந்ததன்று. யாரோ வளைந்து நின்றதால் வந்தது. நின்றவர்களாக அக்கல்லூரியின் இரவுக் காவலர் ஒருவரும், மாணவர் ஒருவரும் சொல்லப்படுகின்றனர். இரவெல்லாம் வாயிற்கதவைக் காத்தவர், பகலில் இல்லாத பாறையை நெம்பி நின்றிருக்கிறார். இன்றைக்குச் சிலையடியில் நின்று படமெடுத்துக்கொள்வோர் எண்ணிலர். மே நாளன்று மாலை சூட்டுகிறோம். உழைப்பாளியைப் புகழ அமைந்த சிலைக்காக உழைத்தவரின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அரைத்துணியோடு நின்ற அந்த ஆண்களைப் பார்த்து எவரும் காறி உமிழவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண் உடல் நின்றால் உழைப்பு. பெண் உடல் நின்றால் ஒழுக்கக்கேடு.

சிலையில் பெண் இல்லை. நால்வரில் ஒருத்தியாவது நாற்றுநடும் பெண்ணாக, சுமைதூக்கும் பெண்ணாக இருந்திருக்கலாம். பாறை அசைப்பது ஆண் வேலை என்று வாதிடலாம். அந்தப் பாறையை உடைத்துச் சல்லியாக்கிச் சட்டியில் சுமப்பது யார் என்று திருப்பிக் கேட்கலாம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் மிகைஊதியத்தைக் குறைத்தபோது, 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில், ஆண் தலைவர்களையும் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையை மறித்தவர்கள் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள். அந்தத் தோள்களைப் பார்த்து வரையக் கல்லூரி மாணவர் எவரேனும் மலையேறினாரா?

நின்றவள் நின்றபடியே போய்விடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பிரெஞ்சு நாட்டில் சுசான் வாலதோன், வறுமையில் பிறந்து, ரென்வார் முதலிய ஓவியர்களுக்கு மாதிரியாக இருந்தவர். நின்ற நேரமெல்லாம் அவர்கள் கை போகும் போக்கைக் கவனித்தார். தானே கற்று வரைந்தார். 1894இல் தேசியக் கலைச் சங்கத்தின் காட்சியில் இடம் பெற்றார். அவர் வரைந்த பெண்கள் பார்ப்பவனுக்காக வளைந்து கொடுப்பதில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறார்கள், களைத்துப் படுத்திருக்கிறார்கள். நின்று பார்த்தவள் வரைந்தால் வேறு கலை பிறக்கிறது. நம் அம்ரிதா ஷெர்கில் பாரிசில் பயின்றபோது, 1933இல், 'தொழில்முறை மாதிரி' என்றே பெயரிட்டு ஒரு முதிய பெண்ணை வரைந்தார். தளர்ந்த உடல், வற்றிய நெஞ்சு, ஓய்ந்த கண். அழகென்று சொல்லி ஆயிரம் பேர் வரைந்து முடித்த உடல் பிறகு என்னவாயிற்று என்று கேட்கிற ஓவியம் அது. 'நியூட்' படத்தின் ஓவியர் ஆன்மாவைத் தேடியதற்கு எண்பத்தைந்து ஆண்டு முன்பே, இருபது வயதுப் பெண்ணொருத்தி அந்த உடலின் களைப்பைத் தேடினார். எது உயர்ந்த கலை என்பதில் நமக்கு ஐயமில்லை.

கிடங்கு அம்மையாரின் இரண்டு கேள்வியும் நிற்கின்றன. எவ்வளவு கொடுப்பார்கள், உட்கார விடுவார்களா? ஓவியக் கல்லூரிகளை நடத்துவோர் இதற்கு எழுத்தில் விடை தர வேண்டும்: மணிக்கு இன்ன கூலி, இன்ன ஓய்வு, அன்றைய கூலி அன்றே. உடைமாற்றத் திரை வைத்த அறை வேண்டும். வரைவது வரைதலோடு நிற்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து கைப்பேசி வெளியே வந்தால் அந்த மாணவன் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும். கரிக்கோட்டில் முகம் மறையும். கைப்பேசிப் படமோ ஒரு மணி நேரத்தில் அவள் தெருவுக்கு வந்து சேரும். அமைப்புசாராத் தொழிலாளர்க்கென்று 1982இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. நலவாரியப் பதிவேட்டில் ஓவியர் முன் நிற்பவர்க்கும் ஒரு வரி எழுத மை தீர்ந்துபோகாது.

படிப்பகங்களில் இப்படத்தைத் திரையிடுங்கள். மாலிக் பேசும் இடத்தில் நிறுத்தி வாதிடுங்கள். பின்வரிசையில் நிற்பவர்களையும் பேசச் சொல்லுங்கள். கல்லூரிக் கலைக்காட்சிக்குப் போகும் தோழர்கள், படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்க்க வேண்டும். ஓவியர் பெயர், எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா, நீளம், அகலம், ஆண்டு, சில வேளை விலையும் இருக்கும். நின்றவர் தன் பெயர் வரலாம் என்று ஒப்பினாரா என்று கேளுங்கள். ஒப்பியிருந்தால் அட்டையில் ஏன் இல்லை என்று, பொறுப்பாளர் விடை சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.